பன்னிரண்டு மொட்டுகள்

மூத்தவள் கொதிக்கும் தண்ணீரைச் சாய்த்தாள். பாத்திரத்தின் அடியில் நாற்பது ஒட்டுக்குச்சிகள் கிடந்தன. எல்லாம் பென்சில் பருமன். இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தம்பி ஏணியில் ஏறி வெட்டியவை. ஒவ்வொரு காம்புக்கு மேலேயும் ஒரு மொட்டு இருந்தது. அதைப் பட்டையோடு சீவி, வேறொரு கன்றின் தண்டைக் கீறி உள்ளே செருகி, நாடா சுற்றினால் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இந்த வெந்நீர்.

கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. "குச்சி காஞ்சிடும், ஈரத்துணி சுத்தி எடுத்துட்டு வரேன்" என்று தம்பியிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு வந்து சமையலறைக் கதவைச் சாத்தியிருந்தாள். யாராவது தண்ணீர் குடிக்க வந்து கதவைத் தள்ளினால் தீர்ந்தது கதை.

அப்பாவை எல்லோரும் ஒட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் நிற்கும் பாதி ஆரஞ்சு மரங்கள் அவர் வீட்டுப் பின்கட்டுத் தாய்மரத்தின் பிள்ளைகள். "என் கை பட்டா விளக்குமாத்துக் குச்சிகூடத் துளிர்க்கும்" என்று பீற்றிக்கொள்வார். அந்த மரத்தில்தான் போன மாதம் இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளாயின. நடுநரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. பழங்களும் அடியில் பச்சை மாறாமல் கோணிக்கொண்டு தொங்கின. அவள் பயிர்நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். படுக்கையில் விழுந்தபிறகும் அப்பா நான்கு இலைகளைத் தாளில் சுற்றி அவளிடம் கொடுத்து, "இலை டாக்டரே, பார்த்துச் சொல்லு" என்றார்.

முடிவு நேற்று மதியம் வந்தது. மருந்தில்லாத நோய். மரத்தை வேரோடு எடுத்து எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒட்டுக்குச்சி போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

நேற்று சாயங்காலம் அப்பா கேட்டார். பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. "ரிசல்ட்... வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. ஒண்ணுமில்ல. சத்துக் குறைவுதான்."

அந்த முகத்தில் வந்த தெளிவை அவள் பார்த்தாள். அதோடு நின்றிருந்தால் நல்ல பொய்யாகவே இருந்திருக்கும். ஆனால் அப்பா தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டார். "என்னைப் பார்க்க வர்றவங்க யாரும் வெறுங்கையோட போகக் கூடாது. ஆளுக்கு ரெண்டு குச்சி வெட்டிக் குடு." அவள் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள், திரும்ப மூடிக்கொண்டாள். நாளைக்குத் தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை விடிந்தபோது அப்பா இல்லை. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கப் போனவள் திரும்பி வருவதற்குள் தம்பி ஏணியில் நின்றான், கீழே ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள்.

வெந்த குச்சி இரண்டு நாளைக்குப் பார்க்க நன்றாகவே இருக்கும். எங்கேயும் பிடிக்காது. ஒட்டுக்காரர் போனார், கைராசியும் அவரோடு போயிற்று என்று நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் சத்தமில்லாமல் மரத்தை எடுத்துவிடலாம். அப்பா பெயருக்குப் பழுது வராது. திட்டத்தில் ஓட்டை இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

வாசனையை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

வெந்நீர் பட்டதும் பச்சைப் பட்டையில் இருந்த எண்ணெய் எழும்பியது. ஆரஞ்சுத் தோலும் இலையும் சேர்ந்து கசங்கினால் வரும் மணம் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே அழுகை சட்டென்று நின்றது. பிறகு அத்தையின் குரல் வீட்டையே அதிர வைத்தது.

"வந்துட்டியா அண்ணா! உன் மரத்து வாசனையோடயே வந்துட்டியா!"

கூடம் மொத்தமும் ஓவென்று அழுதது. அவள் ஜன்னலைத் திறக்கத் திரும்பினாள். கதவு திறந்தது. அம்மா நின்றாள்.

"அங்க எல்லாரும் உங்கப்பா வந்துட்டார்ங்கறாங்க" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் அழவில்லை. "நீ இங்க என்னத்தை வேக வைக்கிற?"

மூத்தவள் சொன்னாள். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "வடிச்சுத் துணியில சுத்து. யார்கிட்டயும் மூச்சு விடாத. அவர் மரியாதையாப் போகட்டும்." கதவு வரை போனவள் நின்றாள். "ஆமா, உன் சித்தப்பா முதல் ஆளா ஒரு கட்டு வாங்கிட்டுப் போனாரே?"

மூத்தவளுக்கு அது தெரியாது. அப்பாவின் ஒரே தம்பி, முந்நூறு மரத்துத் தோட்டக்காரர். குச்சி வாடுவதற்குள் ஒட்டுக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். செல்போனில் கூப்பிட்டாள். மணி கூடத்திலேயே அடித்தது. அப்பாவின் தலைமாட்டில் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்பாவை எடுத்துப்போக வண்டி இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. தம்பி வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் வெந்த குச்சிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அப்பா குடுக்கச் சொன்னார்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் தெருமுனையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் முதுகைத் தடவி, "அழுதுடு கண்ணு, உள்ள வெச்சுக்காத" என்றாள்.

ஒன்றரைக்குச் சித்தப்பா வந்தார். முழங்காலில் மண். கட்டைவிரலில் ஒட்டு நாடாவின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஊருக்கெல்லாம் கன்று விற்கும் நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார்.

"பன்னெண்டு கட்டிட்டேன் அண்ணி" என்றார் சித்தப்பா. "முதல் வரிசையில, என் கண்ணு முன்னாடி. அண்ணன் போற அன்னிக்கே கட்டணும்னு தோணுச்சு. மீதியை இவருக்குக் குடுத்துட்டேன். நாளைக் காலையில நூறு கன்னுல கட்டறாராம். ஊர் ஊராப் போகும் அண்ணன் பேரு."

"என் பாக்கியங்க" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர்.

அம்மாவின் கை மூத்தவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. "இன்னிக்கு வேண்டாம்" என்று உதடு அசையாமல் சொன்னாள். "நாளைக்குச் சொல்லிக்கலாம்."

நாளைக்கு என்றுதான் நேற்றும் அவள் நினைத்தாள்.

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். எல்லோரையும் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கால் அப்பாவிடம் போய் நின்றது. குனிந்து அவர் காதருகே பேசினாள். குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்பா, நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மரத்துக்கு நோய்தான்ப்பா. வைத்தியம் கிடையாது."

"அக்கா, என்ன பேசற நீ?" தம்பி உள்ளே வந்தான்.

அவள் நிமிரவில்லை. "குச்சி வாங்கினவங்க யாரும் கட்டாதீங்க. இங்கயே வெச்சுட்டுப் போங்க. காலையில வந்த வாசனையும் அப்பா இல்ல அத்தை. நான்தான் குச்சியை வெந்நீர்ல போட்டேன், பிடிக்கக் கூடாதுன்னு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி அவளுக்கு வெகு அருகில் வந்து நின்றான்.

"உயிரோட கேட்டப்ப வாய் வரல. இப்பப் பொணத்துகிட்ட வந்து சொல்றியா? அத்தனை பேர் கையிலயும் செத்த குச்சியக் குடுக்க வெச்சிருக்க என்னை."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நாற்றுப்பண்ணைக்காரர் தன் வண்டிக்குப் போய்க் குச்சிக் கட்டை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார். அடுத்தவர் வைத்தார். பைக்குள் பத்திரப்படுத்தியவர்கள் தேடி எடுத்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. சித்தப்பா மட்டும் அசையாமல், கட்டைவிரலில் இருந்த நாடாவைப் பிய்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்பை மாட்டினார்.

"நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எவ்வளவு நேரங்க ஆகும்?" என்று கேட்டார்.

"அவர் தம்பி வரணும்" என்றாள் அம்மா. "இருங்க."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். இரண்டரை ஆயிற்று, மூன்று ஆயிற்று. ஒருவரும் கிளம்பவில்லை. மேற்கே தோட்டங்கள் இருக்கும் பக்கம் மெல்லிய புகை எழுந்தது. வாசலில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

மூன்றேகாலுக்குச் சித்தப்பா வந்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். சட்டையில் புகை நாற்றம் அடித்தது. நேராக அண்ணனின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து தோளுக்கடியில் கைகொடுத்தார்.

"பன்னெண்டும் முடிஞ்சுது. தூக்கலாம்."

ஆண்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். சித்தப்பா நிமிர்ந்து சுவரோரம் நின்ற அவளைப் பார்த்தார். "இலை டாக்டர், நீயும் வந்து பிடி."

அவள் கால்பக்கம் போனாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டான்.