ஊதாத கண்ணாடி

கண்ணுகளா, பிளெஸ்ஸி டீச்சர் அன்றைக்குப் பயந்த பயம் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஆய்வகம் அவ்வளவு இருட்டு.

கீரமங்கலத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவர் அவர். ஒளி துகளா, அலையா என்பது பாடம். துகள் என்றால் சுண்டிவிட்ட கடலைக்கொட்டை மாதிரி நேரே போகும், தடுத்தால் நின்றுவிடும். அலை என்றால் குளத்துத் தண்ணீர் மாதிரி, படித்துறைக் கல்லைச் சுற்றி வளைந்து அந்தப் பக்கமும் பரவும். இதைச் சொல்லிவிட்டு, கண்ணால் காட்ட ஜன்னல்களைச் சாத்தினார். மேசைக் கடைசியில் ஒரு சின்ன பல்பு. கையில் ஒரு கண்ணாடித் துண்டு. துடைத்த கண்ணாடி வழியே பார்த்தால் வெறும் பல்புதான் தெரியும். வாயால் ஊதினால் ஆவி படியும்; அந்தப் பொடித்துளிகளின் ஓரத்தில் ஒளி வளைந்து, பல்பைச் சுற்றி வானவில் வளையம் வரும். வெறும் துகளாக இருந்தால் வராது.

டீச்சர் இன்னும் ஊதவே இல்லை. வளையம் வந்துவிட்டது.

கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். போகவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இருந்தது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு.

ஆவூரில் அவருடைய அப்பா ஞானராஜும் ஒருநாள் இப்படித்தான் சொன்னார், பீடத்து விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறதென்று. மாதாவின் அருள் என்று அம்மா செபமாலை சொன்னார். அடுத்த கிறிஸ்துமஸ் குடிலை அப்பா கையால் தடவித்தான் பார்த்தார். கண்ணில் நீரழுத்தமாம், அந்த வானவில்தான் அதற்கு அடையாளமாம். முன்னமே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

டீச்சர் மறுபடியும் பல்பைப் பார்த்தார். ஒருவேளை அறையிலேயே ஈரம் இருக்கிறதோ? இருந்தால் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

"வளையம் தெரியுதாப்பா?"

"தெரியுது டீச்சர்" என்றது வகுப்பு மொத்தமும்.

அப்பாடா என்று உட்கார்ந்தார். பிறகு, வெளியே என்ன நிறம் என்று கேட்டார். ஒருத்தன் பச்சை என்றான், ஒருத்தி மஞ்சள் என்றாள். எல்லாக் கலரும்தான் டீச்சர், என்றது கடைசி பெஞ்சு. நிஜமாகத் தெரிந்திருந்தால் எல்லோரும் சிவப்பு என்றல்லவா சொல்லியிருப்பார்கள்.

மணியடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். செவந்தி மட்டும் போகவில்லை. அதிகம் பேசாத பிள்ளை. கண் கலங்கி நின்றாள்.

"பொய் சொல்லிட்டேன் டீச்சர். எனக்கு வளையமே தெரியல. எல்லாருக்கும் தெரியுது, என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு. பிராக்டிகல் மார்க்கக் கொறச்சிராதீங்க."

டீச்சர் கண்ணாடியை எடுத்து ஊதி அவள் கையில் கொடுத்தார். செவந்தி அதன் வழியே பல்பைப் பார்த்தாள்.

"இப்ப வந்துருச்சு டீச்சர்!"

"ஒன் கண்ணு நல்லாத்தான் இருக்கு, தாயி. ஊதாம வளையம் தெரியக் கூடாது. எனக்குத் தெரியுது."

செவந்தி டீச்சரின் பையை எடுத்துக்கொண்டாள். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் என் சித்தி ஆயாவாக இருக்கு, நானும் கூட வாரேன் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் பொழுது மங்கியிருந்தது. வளைவில் ஒரு பஸ் திரும்பியது. அதன் இரண்டு விளக்குகளைச் சுற்றியும் பெரிய பெரிய வளையங்கள். டீச்சருக்குப் பெயர்ப் பலகை தெரியவில்லை. செவந்தியின் கையை இறுகப் பிடித்தார்.

"புதுக்கோட்டைதான் டீச்சர், ஏறுங்க."