கல்யாணசுந்தரத்தின் பத்தொன்பது சிக்னல்கள்

2022 ஜூன் பதினான்காம் தேதியிலிருந்து, புனேயில் ஹடப்சருக்கும் கசார்வாடிக்கும் நடுவே இருக்கும் பத்தொன்பது சிக்னல்களும், காலையில் கல்யாணசுந்தரம் வந்து நின்றால், அவர் ஒரு நல்ல வாக்கியம் எழுதி முடிக்கும்வரை பச்சைக்கு மாறுவதில்லை. அதே வாரம் தக்காளி கிலோ எண்பதைத் தொட்டது. ஊரில் பேச்சு அதைப் பற்றித்தான் அதிகம். கல்யாணசுந்தரம் கோயம்புத்தூர்க்காரர், வயது நாற்பத்தாறு, கசார்வாடியில் கம்ப்ரசர் பாகங்கள் செய்யும் பட்டறையில் செக்கிங் சூப்பர்வைசர். குடியிருப்பது ஹடப்சரில் ஒரு ஃப்ளாட்டில். அங்கே தண்ணீர் டேங்கரில் வரும், வராத நாளில் வாட்ஸப்பில் விளக்கம் வரும். காலை ஏழு பத்துக்கு ஸ்கூட்டரை எடுத்தால் எட்டரைக்குள் பஞ்சிங் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். மாதத்தில் மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் லீவு போய்விடும்.

முதல் நாள் வழியில் முதல் சிக்னலே பதினாறு நிமிஷம் சிவப்பிலேயே நின்றது. சிவப்பில் போவது புனேயில் பெரிய விஷயமில்லை, ஆனால் அன்று வெள்ளைக் கோட்டைத் தொட்ட வண்டியெல்லாம் எஞ்சின் அணைந்து நின்றுபோயிற்று. கல்யாணசுந்தரம் ஏற்கனவே கடுப்பில் இருந்தார். காலையில் எவனோ அவர் குடியிருப்பின் கேட்டை மறித்து லாரியை நிறுத்திவிட்டுச் சாவியோடு போயிருந்தான். சட்டைப்பையில் கிடந்த செக்கிங் சீட்டின் பின்பக்கத்தில், 'லாரி நின்ற வாசலில் வெயில்கூட வழி கேட்டுத்தான் உள்ளே வந்தது' என்று எழுதினார். முற்றுப்புள்ளி வைத்ததும் பச்சை விழுந்தது. அடுத்த சிக்னலில் 'எனக்குக் கோபம் வந்தது' என்று எழுதினார்; விளக்கு அசையவில்லை. அதை அடித்துவிட்டு நிலாவைப் பற்றி எழுதிப் பார்த்தார், அதற்கும் அசையவில்லை. நிலாவோடு அவருக்கு எந்தத் தகராறும் கிடையாது, அது சிக்னலுக்கும் தெரிந்திருந்தது. கடைசியில், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்' என்று லிஃப்டில் தினமும் உபதேசம் செய்யும் கமிட்டி செயலாளரை ஒரு வரியில் பிடித்துப் போட்டார். உடனே பச்சை. அன்றைக்குச் சுட்டதுதான் விலைபோகும், பழைய சரக்கும் கடன் வாங்கிய சரக்கும் படியாது என்பது மூன்றாவது சிக்னலில் அவருக்குப் புரிந்துவிட்டது. மாலையில் திரும்பும்போது சிக்னல்கள் மற்ற எல்லோரிடமும் போலவே அவரிடமும் நடந்துகொண்டன.

அப்படி ஒவ்வொரு வரியாக ஒரு கதை வளர்ந்தது. மரகதம் என்று ஒருத்தி. அவள் வாசலை ஒருவன் லாரியால் மறித்துவிடுகிறான். அவள் நகரச் சொல்கிறாள். ஊரே அவளை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்கிறது. டேங்கர் வராத காலையெல்லாம் மரகதத்துக்குத் தாகமெடுத்தது. போனில் அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டுத் துண்டித்த பேங்க்காரர்கள், கதையில் பஞ்சாயத்து ஆபீஸ் ஆனார்கள். அவர் மனைவி அகல்யா சாயங்காலம் சீட்டுகளை வரிசைப்படுத்திச் செருப்புப் பெட்டியில் அடுக்குவாள். "ஏனுங்க, பதினொன்னாவது சிக்னல்ல வரி தொங்குதே?" என்பாள். "பக்கத்துல ஒரு பஸ்காரன் பாட்டை அலற வுட்டிருந்தானுங்கம்மா." "அட, அவனையே எழுதியிருக்கலாமில்லீங்க."

புனேயில் டிராஃபிக் போலீஸ்காரர் எல்லோருக்கும் மாமாதான். தாபோடி சிக்னல் மாமா காம்ப்ளேவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் பேனா போகும் வேகத்தைப் பார்த்து வரி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். தன் தொப்பிக்குள் ஓர் உபரிப் பேனாவும் வைத்திருந்தார். பின்னால் நிற்பவர்கள் முதல் மாதம் திட்டினார்கள். இரண்டாம் மாதம், சீக்கிரம் முடியட்டும் என்று தங்கள் குறைகளைத் தானம் கொடுக்க வந்தார்கள். ஒரு பெண்மணி ஸ்கூட்டியை ஒட்டி நிறுத்தி, "பாய்சாப், என் மாமியாரை எழுதிக்குங்க, முழுசா தர்றேன்" என்று இந்தியில் சொன்னாள். அவர் மரியாதையாக மறுத்தார்.

லேட் மார்க்குகள் ஏறின. மேனேஜர் விஸ்வேஸ்வரன், சென்னையிலிருந்து வந்து முப்பது வருஷமாகப் புனேயில் இருப்பவர், பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்றார். நடந்தே வரலாம், நடுவில் ஒரு சிக்னல்கூட இல்லை, தண்ணீரும் இருபத்து நாலு மணி நேரம். கல்யாணசுந்தரம் ஒன்பது நாள் அங்கே தங்கிப் பார்த்தார். நன்றாகத் தூங்கினார், எட்டு இருபத்தைந்துக்கு விரல் வைத்தார், ஒரு வரிகூட எழுதவில்லை. மரகதம் லாரிக்கு முன்னால் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். பத்தாம் நாள் அவர் ஹடப்சருக்குத் திரும்பி வந்தார். அகல்யா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூஞ்சில ஒரு கோவமே இல்லீங்க, பாக்கச் சகிக்கல" என்று செக்கிங் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஒன்பது லேட் மார்க். விஸ்வேஸ்வரன் ஒரு கடிதம் டைப் அடித்து வைத்தார்: தாமதங்களுக்கு என் கவனக்குறைவே காரணம், மன்னிப்புக் கோருகிறேன். திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் வீடு.

அந்தத் திங்கட்கிழமை தாபோடியில் கதையின் கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தது. லாரிக்காரன் திரும்பி வந்து மரகதத்தின் முன்னால் நிற்கிறான். இருபது நிமிஷமாகச் சிவப்பு. மூன்று வண்டி பின்னால் விஸ்வேஸ்வரனின் கார் நின்றது. எட்டரைக்கு ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார். விஸ்வேஸ்வரன் காரைவிட்டு இறங்கி நடந்து வந்தார்.

"என்னய்யா கல்யாணம், ஆட்டம் காட்டறீரா? சிக்னலை விடும்."

"நான் புடிச்சு வெக்கலீங்க சார். கடைசி வரி வரோணும்."

விஸ்வேஸ்வரன் கதையைக் கேட்டார். "அரே, இவ்ளோதானா? அவ மன்னிப்பு கேட்டா, லாரி போச்சு. எழுதித் தொலையும்."

"அவ எதுக்குங்க சார் கேக்கோணும்? வாசல் அவளுது."

"கதைதானேய்யா."

"கதையில அவ கேட்டுட்டா, அப்பறம் உங்க லெட்டர்ல நானும் போட்டுருவனுங்க."

விஸ்வேஸ்வரன் சீட்டைப் பிடுங்கி, மரகதம் மன்னிப்புக் கேட்டாள் என்று தானே எழுதினார். நான்கு திசையிலும் சிவப்பு விழுந்தது. பழைய மும்பை நெடுஞ்சாலை கட்கி வரைக்கும் நின்றது. காம்ப்ளே மாமா தலையை மட்டும் ஆட்டினார். விஸ்வேஸ்வரன் காருக்குத் திரும்பிப் போய், ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. அந்தச் சத்தம் கல்யாணசுந்தரத்தின் பிடரியில் ஏறிற்று. அவர் மேனேஜரின் வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'மரகதம் லாரியின் ஹாரனை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இனி வாயால் கேட்டு வழி வாங்கிப் பார் என்றாள்.' முற்றுப்புள்ளி விழுந்ததும் நான்கு திசையும் பச்சையாயிற்று. விஸ்வேஸ்வரனின் ஹாரன் அந்த நொடியில் நின்றது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் இன்றுவரை அது பேசவில்லை.

பஞ்சிங் மெஷினுக்கு மேனேஜர், சூப்பர்வைசர் வித்தியாசம் தெரியாது. அன்று ஒன்பது இருபத்திரண்டுக்கு விரல் வைத்த விஸ்வேஸ்வரனுக்கு அது அந்த மாதத்தின் மூன்றாவது லேட் மார்க். மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கும் அதே வாசகத்தில் ஒரு கடிதம் வந்தது. அவர் அதைச் சற்று நேரம் படித்தார். கல்யாணசுந்தரம் கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போன கடிதத்தையும் எடுத்தார். இரண்டையும் ஒரே டிராயரில் போட்டுப் பூட்டினார். பிறகு யாரும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் சிக்னலில் அடுத்த கதை தொடங்கியது. தாபோடியில் ஒருநாள் மராத்தியில் ஒரு பலகை முளைத்தது. வைத்தது யாரென்று தெரியாது, எழுத்தின் கிண்டலைப் பார்த்தால், பலகை எழுதி வைத்தே ஊரைக் குத்தும் பழைய புனேக்காரர் யாரோ. 'இங்கே எழுதுகிறார்கள். ஹாரன் அடிப்பவர்கள் கதையில் வருவார்கள்.' இப்போதெல்லாம் காலையில் ரேடியோவில் போக்குவரத்து நிலவரம் சொல்லும் பெண், கேம்ப் பகுதி சீராக இருக்கிறது, தாபோடியில் இரண்டு வாக்கியம் தாமதம் என்கிறாள். ஆட்கள் அதற்குத் தகுந்தாற்போல் வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள்.