ஐஸ் கட்டுகிற பெட்டி

"எனக்கு ஐஸ் வேணாண்ணா, மருந்து கெடாம இருந்தா போதும்னு—"

"ஐஸே கட்டுற பொட்டியில மருந்து எப்பிடிக் கெடும்? அத்தச் சொல்லு மொதல்ல. கோபால்சாமிண்ணே, நீங்களாச்சும்—"

"நான் பேசிக்கினே கீறேன், நீ அவர இழுக்குற!"

"நீ எங்க பேசுற? சொன்னதையே சொல்லிக்கினு கீற!"

ஆலங்காயத்தில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் கோபால்சாமி, இரண்டு பெட்டிகளையும் தரையில் இறக்கிவைத்துவிட்டு அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்புக்குப் பின்னால் வைத்து வண்டியின் பேட்டரியிலேயே ஓட்டுகிற ஃபிரிட்ஜ்கள் அவை. ஒன்று சின்னது, வெள்ளை. இன்னொன்று டிரங்குப் பெட்டி அளவில், கறுப்பு.

"இருங்க, ரெண்டு பேரும் இருங்க. இந்தச் சின்னது மருந்துக்குன்னே வர்றது. ரெண்டு டிகிரிக்குக் கீழ எறங்காது, எட்டுக்கு மேல ஏறாது. பெருசு, நீங்க வெக்கிற நம்பருக்குப் போவும். மைனஸ் இருவது வரைக்கும் போவும்."

"கேட்டியா? மைனஸ் இருவது!" என்றான் சிவசங்கர்.

"எனக்கு இன்னாத்துக்கு மைனஸு?" என்றாள் தேவயானி.

"உனக்கில்லனா எனக்கு. ஞாயித்துக்கெழம அருவி பாக்க வர்றவங்க ஜில்லுனு தண்ணி கேக்குறாங்க, ஐஸ் கேக்குறாங்க. உன் ஊசி மாசத்துல ஒரு நாளு. மீதி நாளெல்லாம் பொட்டி சும்மா குந்திக்கினு வரணுமா?"

"பொட்டி வாங்குறது எங்க குழு."

"வண்டி என்னுது. என் வண்டியில நான் சொல்ற பொட்டிதான் ஏறும். இல்லியா, உன் வெள்ளப் பொட்டியத் தலையில வெச்சிக்கினு மலையேறு."

ஊசி போட வேண்டிய ஆடுகள் மலைமேல் நெல்லிமரத்துக்கொல்லையில் இருந்தன. அந்த ஊருக்கு அண்ணனுடைய நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பை விட்டால் வேறு வண்டி போகாது. மழை பெய்து பாதை அறுத்துக்கொண்டு கிடந்தது. அந்த மழைதான் இத்தனை அவசரத்துக்கும் காரணம். புதுப்புல் முளைத்துவிட்டது. காய்ந்த வயிற்றோடு கிடந்த ஆடுகள் இளம்புல்லை அள்ளித் தின்றால் துள்ளுமாரி வரும். நின்ற ஆடு ஒரு துள்ளுத் துள்ளும், விழும், அவ்வளவுதான். பக்கத்து ஊரில் ஏற்கெனவே விழ ஆரம்பித்துவிட்டன.

மகளிர் குழுவின் சார்பில் ஆடுகளுக்கு ஊசி போடப் பயிற்சி எடுத்தவள் தேவயானி. போன வருஷமும் அவள்தான் நெல்லிமரத்துக்கொல்லைக்குப் போய் ஊசி போட்டாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுபோனாள். பாதி வழியில் வண்டி மாட்டிக்கொண்டது. ஐஸ் உருகியது. மருந்து சூடாகியிருக்குமோ என்று உள்ளுக்குள் உறுத்தினாலும், ஒன்றும் ஆகாது என்று போட்டுவிட்டு வந்தாள். ஊசி போட்ட ஆடுகளே செத்தன. இந்த வருஷமும் மருந்து பலிக்காவிட்டால் அந்த ஊரில் ஓர் ஆடும் அவள் கைக்கு வராது.

"சரி, பெருச எடு. ஆனா நாலு டிகிரியில வெச்சா அதுலயே நிக்கணும்" என்றாள்.

"நிக்கும்மா" என்றார் கோபால்சாமி. "தம்பி, பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு ஒயரு இழுத்துக் குடுத்துடட்டுமா? சாவி ஆஃப்ல இருந்தாலும் ஓடும்."

"ஐயோ, வேணவே வேணாம். பேட்டரி எறங்கிப்போனா மலமேல யாரு வந்து தள்றது? சாவி போட்டா ஓடுற பாயிண்டுலயே சொருகிக்கிறேன்."

அன்றைக்கே மருந்தையும் வாங்கினார்கள். தேவயானி தன் கையாலேயே பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கினாள். நாலு என்று வைத்தாள். எண் மினுங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் மூடினாள். சிவசங்கர் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கி, தூசி படாமல் இருக்கத் தார்ப்பாயைப் போர்த்தினான். அந்த நேரத்தில் அவள் முன்சீட்டில் ஊசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்றம் முழுக்க வண்டி முனகிக்கொண்டே ஏறியது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி நெல்லிமரத்துக்கொல்லைப் பாதையில் முதல் இறக்கம் வந்ததும் சிவசங்கர் வழக்கம்போல கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பினான். இன்ஜின் சத்தம் அடங்கியது. வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. டீசல் மிச்சம் பிடிக்க அவன் அப்பா காலத்திலிருந்து செய்கிற வேலை அது. அந்த மலையில் ஜீப் ஓட்டுகிற பாதிப் பேர் அப்படித்தான்.

"அண்ணா! சாவியப் போடு. பொட்டி நின்னுப்போச்சி."

"நின்னா நிக்கட்டும்."

"இன்னா நிக்கட்டும்? இன்னும் எத்தினி எறக்கம் கீது! மருந்து சூடாயிடும்!"

"ஆவாது. அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வண்டி எடுத்தேன். உனக்கு மட்டுந்தான் மூள இருக்குதா?"

"இன்னா ஏற்பாடு?"

"தே, பேசாம வா. பள்ளம் பாத்து ஓட்டணும்."

இறக்கத்தில் அணைத்தான், ஏற்றத்தில் போட்டான். ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும் தேவயானி பின்னால் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்தாள். தண்ணீர் அறுத்த பள்ளத்தில் நாலு சக்கரமும் சேற்றை வாரி அடித்தன. இறங்கிப் பார்க்கலாம் என்றால் அந்த இடத்தில் நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது.

நெல்லிமரத்துக்கொல்லையில் ஊரே பட்டிகளின் முன்னால் நின்றிருந்தது. மூன்று நாளாக ஆடுகளை அடைத்துவைத்து, பெண்கள் மரத்தில் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டிக்குள்ளிருந்து ஆடுகள் கத்துகிற கத்தல் காதைப் பிளந்தது. எதிர்ச் சரிவில் பச்சைப் பசேலென்று புல். ஆடுகளுக்கும் அது தெரிந்தது.

பச்சையம்மாவின் பட்டிதான் ஊரில் பெரியது. மழைக்குப் பிறகு முதல் மேய்ச்சலுக்கு அவள் தன் பட்டியின் மூங்கில் படலைத் திறந்த பிறகே மற்றவர்கள் திறப்பார்கள். போன வருஷம் அதிகம் பறிகொடுத்தவளும் அவள்தான். அதன் பிறகு சந்தையில் தேவயானியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், இந்தத் தடவை குழுவின் தலைவி கலைவாணி வந்து அவள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அடைத்துவைக்கச் சம்மதித்தாள்.

"வா பொண்ணு" என்றாள் பச்சையம்மா. "தழ ஒடிச்சி ஒடிச்சிக் கையெல்லாம் எரியுது. சீக்கிரம் போடு. இதுங்கள அவுத்து வுட்டாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும்."

"தோ அத்தே, எடுத்தாறேன்."

தேவயானி தார்ப்பாயை விலக்கினாள். எண் அணைந்திருந்தது. பெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் புகை போல் குளிர் முகத்தில் அடித்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். உள்ளே கல்.

"அண்ணா."

"இன்னா, ஜில்லுனு கீதா?"

"மைனஸ்ல வெச்சியா?"

"பின்ன? எறக்கத்துல பொட்டி நிக்குமே. ஏத்தத்துலயே நல்லா ஐஸாக்கி வெச்சிட்டா, இங்க வர்ற வரைக்கும் தாங்குமில்ல? போன வருசம் ஐஸ் இல்லாமத்தானே ஒனக்குக் கெட்ட பேரு வந்துச்சி? இந்த வருசம் எவனும் ஒரு சொல்லு சொல்லக்கூடாதுன்னு—"

"உறைஞ்சிப் போச்சிண்ணா."

"உறைஞ்சா இன்னா? வெயில்ல வெச்சா உருகிடப்போவுது."

"இந்த மருந்து உறையக்கூடாது. உறைஞ்சா அவ்ளோதான். பச்சத்தண்ணி."

சிவசங்கர் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு பாட்டிலை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். ஊதினான். சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து அவள் கண் முன்னால் ஆட்டினான்.

"பாரு, உருகிடுச்சி. நல்லாத்தானே கீது?"

அடியில் வெள்ளை வெள்ளையாய்த் திப்பி திப்பியாக இறங்கியது. பயிற்சியில் இதையேதான் காட்டியிருந்தார்கள், இப்படித் தெரிந்தால் தூக்கிக் கொட்டு என்று.

"தேவயானி" என்று குரலைத் தாழ்த்தினான். "யாருக்கும் தெரியாது. போட்டுட்டு வந்துடலாம். ரெண்டு நாள்ல வேற மருந்து கொண்டாந்து, இது ரெண்டாவது ஊசின்னு சொல்லிப் போட்டுக்கலாம்."

"போட்ட ஒடனே அவுத்து வுட்டுடுவாங்கண்ணா. ரெண்டு நாளு அதுங்க புல்லு திங்காதா?"

"சொன்னா மட்டும்? உன்ன உள்ள வுடுவாங்களா இனிமே? என் வண்டியில ஏறுவாங்களா? எம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சிக்கிறது?"

"இன்னா அங்க குசுகுசுன்னு?" படலுக்கு உள்பக்கமிருந்து பச்சையம்மா கத்தினாள். முதல் ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்து முழங்காலுக்கு நடுவில் இடுக்கியிருந்தாள். "புடிச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கிறது? பொட்டி பெருசா கீது, மருந்து வர்றதுக்கு இவ்ளோ நேரமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தேவயானி வெறுங்கையோடு நடந்தாள். அண்ணன் பின்னாலேயே இரண்டு அடி வந்து நின்றுவிட்டான்.

"அத்தே, ஆட்ட வுட்டுடு."

"ஏன்?"

"மருந்து உறைஞ்சிப்போச்சி. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

சிரிப்பு நின்றது.

"போன வருசம் சூடாப்போச்சின்ன" என்றாள் பச்சையம்மா மெதுவாக. "இந்த வருசம் உறைஞ்சிப்போச்சின்ற."

"போன வருசம் தெரிஞ்சிம் போடுறதுக்கு முன்ன சொல்லல அத்தே. இப்பச் சொல்றேன்."

"யாரு பண்ணது?"

தேவயானி திரும்பிப் பார்க்கவில்லை. "பொட்டி எங்க கையிலதான இருந்துச்சி. நாங்கதான்."

"அப்ப நாங்க மூணு நாளா மரமேறினது?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். "எங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் போவாம தழ சொமந்தது?"

"அவுத்து வுடுங்க, ஆனது ஆவட்டும்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "பசியில சாவுறதுக்குப் புல்லத் தின்னாவது சாவட்டும்."

பச்சையம்மா முழங்காலைத் தளர்த்தினாள். ஆடு உதறிக்கொண்டு படலை முட்டியது. மற்ற ஆடுகளும் சேர்ந்து முட்டின, மூங்கில் நெளிந்தது. அவள் கை படலைக் கட்டியிருந்த கயிற்றில் போய் உட்கார்ந்தது. ஊர் முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டியில் ஒருவன் ஏற்கெனவே முடிச்சில் விரலை விட்டிருந்தான்.

ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமியது. அண்ணன் வேறு மருந்து வாங்கிவர வண்டியை ஆலங்காயம் பக்கம் திருப்பி நிறுத்துகிறானா, தன்னை விட்டுவிட்டே போகிறானா என்று தேவயானிக்குத் தெரியவில்லை. அவள் படலின் வெளிப்பக்கம் போய், பச்சையம்மாவுக்கு எதிரில் நின்றாள். கையைத் தொடப்போனவள் தொடவில்லை.

"அத்தே, என் பேச்ச நம்பி இன்னும் ரெண்டே நாளு படலத் தொறக்காம இருப்பியா?"