பன்னிரண்டு வருடம் பிரிக்காத சீட்டு

எகிப்தில் மின்யாவுக்குத் தெற்கே எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள், காப்டிக் சபைப் பாதிரியார் சராபமோன் சிலுவையைத் தூக்கினால் பேய் நிற்காது என்று. பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

போன வெள்ளி மல்லாவியிலிருந்து தெமியானா என்ற பெண்ணைக் கட்டித் தூக்கி வந்தார்கள். மூன்று மணி நேரம் ஜெபித்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வந்தபடியே கட்டித் திரும்பக் கொண்டுபோனார்கள்.

இந்த வெள்ளி ஒரு வேனும் வரவில்லை.

"என்ன அபூனா, தெருவே காத்தாடுது! டீக்கடைக்காரன் உங்களத்தான் திட்டிக்கிட்டிருக்கான்" என்றார் கோயில் காவலாளி ஃபானூஸ். பாதிரியாரை அங்கே அபூனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"திட்டட்டும் போ."

ஆயருக்கு எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. 'ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார். இனி நான் பீடத்தில் நிற்பது தகாது.' பூசை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டியதுதான்.

பூசையில் பெயர்களை நினைவுகூரும் நேரம் வந்தது. நோயாளிகள், இறந்தவர்கள், வெளிநாடு போனவர்கள் என்று சனங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் பீடத்தின் மேல் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்க வேண்டும். ஆனால் வெளியே பேய் பிடித்தவர்கள் காத்துக் கிடக்கையில் அதற்கு ஏது நேரம்? "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று குவியல்மேல் கையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர் வழக்கம். இன்று நேரம் இருந்தது. பிரித்தார்.

ஏழாவது சீட்டில் கோணல் எழுத்து. 'மக்ரம். உம்முடைய பிள்ளை, ஆண்டவரே.'

அது அவருடைய பழைய பெயர். குருப்பட்டம் பெற்ற அன்று ஆயர் மாற்றிவைத்த பெயர்தான் சராபமோன். மக்ரம் அதற்கு முந்தியவன், மாவு மில்லில் மூட்டை தூக்கியவன். அவன் பெயர் இங்கே, நோயாளிகளின் பெயர்களோடு, ஆண்டவரின் திருவுடலான அப்பத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. வெறுங்காலில் நின்றவருக்குத் தரை நடுங்குவதுபோல இருந்தது. பயமாக இருந்தது. அந்த இடத்தை விட்டு அசையவும் மனமில்லை. பாட்டுக்காரர்கள் இரண்டு தரம் இருமிப் பார்த்தார்கள்.

அந்தச் சபையில் பாதிரியார்களுக்கு மணம் உண்டு. பூசை முடிந்ததும் மனைவி ஃபெரியாலிடம் சீட்டை நீட்டினார். "இது உன் எழுத்துதானே? எத்தன நாளா எழுதுற?"

"நீங்க பட்டம் வாங்கின வாரத்துலருந்து. வாரத்துக்கு ஒண்ணு. பிரிச்சுப் பாத்தாத்தானே தெரியும்!"

"சராபமோன்னு எழுதக் கூடாதா?"

"அவரத்தான் ஊரே தூக்கி வெச்சிருக்கே. ஞானஸ்நானத் தண்ணில முங்கினது மக்ரம்தானே? ஆண்டவர் தன் பிள்ளைன்னு எடுத்துக்கிட்டது அவனத்தானே? நாப்பது நாள் குழந்தை நீங்க. அன்னிக்கு எத்தன பேய ஓட்டியிருந்தீங்க அபூனா?"

அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தாடியெல்லாம் நனைந்தது. பன்னிரண்டு வருடத்தில் எந்தப் பேய் போனபோதும் வராத சந்தோஷம் அது.

ஆயருக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தைக் கிழித்து, 'தெமியானா' என்று எழுதிப் பீடத்தின் மேல் வைத்தார். பிறகு மல்லாவி வேனுக்குக் கிளம்பினார்.

"சிலுவைய விட்டுட்டுப் போறீங்களே! அந்தப் பேய் இன்னிக்கும் போகலன்னா?" என்று பின்னாலேயே ஓடிவந்தார் ஃபானூஸ்.

"போகலன்னா பக்கத்துல உக்காந்திருப்பேன். அவளும் ஞானஸ்நானத் தண்ணில முங்கினவதான் ஃபானூஸ், அவ பேரும் பீடத்துல இருக்கு. அத அவகிட்ட இன்னும் யாரும் சொல்லலயே."