ஆசானின் மத்தியானச் சாவி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று மனித குலத்துக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் பிறந்து வர வேண்டியிருந்தது, அவர்தான் ஆசான். அவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூல் வாசல் பலகையில் இப்படித்தான் எழுதியிருந்தது. வாசகமும் ஆசானுடையதே. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்ற பயிற்சி வண்டியில் அன்று காலை சாவியைத் திருப்பியதும், யாரோ இரும்பு வாளிக்குள் கூழாங்கல்லைப் போட்டு அரைத்தாற்போல் கர்ரக் என்றது.

சாவியைத் திருப்பியவள் அங்கே ஓட்டக் கற்றுத்தரும் பிரேக்கக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எங்கே காலை வைத்தாலும் தன் பக்கத்து பிரேக்கில் எப்போதும் ஒரு காலை வைத்திருப்பதால் வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயரை ஊர் மறந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஊரில் பாதிப் பேர் இன்று உயிரோடு தெருவில் நடமாடுவது அந்தக் காலால்தான்.

சத்தம் கேட்டு ஆசான் வெளியே வந்தார். பின்னாலேயே அவருடைய மச்சினன். அக்காள் புருஷன் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் வருவதுதான் அவனுக்கு அப்போதைக்கு உத்தியோகம்.

"பாத்தியாடா? ஒரு மாசமா கத்துது. இந்தம்மா சொல்லித்தர லட்சணம். வண்டிக்குப் பொம்பளை கை ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"கையெல்லாம் நல்லாத்தான் ஆகுது சார். வண்டியில என்ன கோளாறுன்னு முதல்ல பாப்போம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் ஆசான். மச்சினன் உரிய இடத்தில் சிரித்தான். "திங்கக்கிழமைலேர்ந்து இவன் வகுப்பெடுப்பான். நீ உள்ள உக்காந்து போன் எடு."

போன் எடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேஜையிலிருந்து சாலை தெரியாது. பிரேக்கக்கா வண்டியின் அந்த பிரேக் ஸீட்டுக்கு யார் தயவிலும் வரவில்லை. அதைவிட்டு இன்னொருவன் செய்த தப்புக்காக இறங்குவதாகவும் இல்லை.

"போன் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரை எடுத்துடறேன்," என்றாள்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மச்சினனை எதிரே நிற்கச் சொல்லிச் சாவியைத் திருப்பினாள். வெளிச்சம் மங்கவில்லை. பேட்டரி மேல் பழியில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பட்டறையிலிருந்து கிரீஸைக் கூப்பிட்டாள். கிரீஸ் மெக்கானிக். வாய் திறந்தால் எதிராளிக்கு வழுக்கும் என்பதால் அந்தப் பெயர். அவன் வண்டிக்கடியில் படுத்தான். அவள் டார்ச் பிடித்தாள். இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் கையோடு வந்தது.

அதன் முனையிலிருந்த சின்னப் பல்சக்கரத்தைத் துணியால் துடைத்து நீட்டினான். பல்லெல்லாம் நுனியில் மழுங்கிப் பிசிறடித்து, எலி கடித்த சீப்பு மாதிரி இருந்தது.

"தேஞ்ச பல்லு இப்படி இருக்காதுக்கா. இது அடி வாங்கின பல்லு."

"எப்படிடா அடி விழும்?" என்றான் மச்சினன்.

"சாவியத் திருப்பினா இந்தக் குட்டிச் சக்கரம் வெளிய வந்து எஞ்சினோட பெரிய சக்கரத்தைக் கடிச்சுச் சுத்திவிடும். எஞ்சின் எழுந்துட்டா உள்ள போயிடும். எஞ்சின் ஏற்கனவே ஓடுறப்ப மறுபடி திருப்பினா? ஓடுற ஃபேனுக்குள்ள விரலை விட்ட கதைதான். யாரோ ஓடுற வண்டியில சாவியத் திருப்பியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, வேண்டுதல் மாதிரி தினம்."

"நான்தான் சொன்னேனே," என்று ஆசான் மலர்ந்தார். "கத்துக்குட்டிங்க."

பிரேக்கக்கா கழுத்திலிருந்த கயிற்றை இழுத்துக் காட்டினாள். அதில் சாவி தொங்கியது. "இப்ப வர்றவங்க எல்லாம் புதுசு சார். கடைசிப் பாடம் வரைக்கும் அவங்க சாவியத் தொடறதில்ல. போடறதும் நான், அணைக்கிறதும் நான்." சாவியை மறுபடி கழுத்துக்குள் விட்டுக்கொண்டாள். "மத்தியானம் தவிர."

மத்தியானம் வண்டி ஆசானுடையது. காலை வகுப்பு முடிந்து அவள் கொட்டகையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, "அணைக்காதம்மா, ஏசி ஓடட்டும். நான் வெளிய ஒரு ஆய்வுக்குப் போகணும்," என்பார். அவள் சாப்பிடப் போய்விடுவாள்.

"என்னைச் சொல்றியா?" என்றார் ஆசான். "நான் யாருன்னு வாசல்ல எழுதியிருக்கு. படிச்சுப் பாரு."

"படிச்சிருக்கேன் சார். இப்ப பல்லை மாத்திடுவோம். இனிமே வண்டி யார் கையில கத்துதோ, அவங்க சாவியக் கீழ வைக்கணும். என் கையில கத்தினா நானே போன் பக்கத்துல போய் உக்காந்துக்கறேன்."

மச்சினனும் கிரீஸும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல ஆசானால் முடியவில்லை. "வைப்போம்," என்றார், ஏதோ அணைக்கட்டுக்கு அடிக்கல் நாட்டுகிற குரலில்.

கிரீஸ் பெரிய சக்கரத்தை மெல்லச் சுற்றி அதன் பற்கள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்தான். பிழைத்திருந்தன. புதிய சின்னச் சக்கரத்தை மாட்டி மோட்டாரைப் பூட்டி, பேட்டரி வயரையும் கொடுத்தான். சாவியைத் திருப்பினாள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி எஞ்சின் எழுந்தது.

மறுநாள் காலை முழுக்க வண்டி ஒரு முனகல்கூட விடவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர் அம்மா கிளட்ச்சை நாலு இடத்தில் விட்டு வண்டியைக் குதிக்க வைத்தாள். அப்போதும் ஸ்டார்ட்டர் சமர்த்தாக இருந்தது. மத்தியானம் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் மேல் நம்பிக்கையில்லாததால் வழக்கம்போல் டயருக்கடியில் கல்லை வைத்தாள் பிரேக்கக்கா. அப்போதுதான் ஒன்று உறைத்தது. சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் கல் வைத்த இடத்திலேயே அல்லவா இருக்கும்? ஆய்வுக்குப் போய் வருகிறவர் கல்லை அதே தடத்தில், அதே முகம் பார்க்க வைப்பாரா?

அன்று அவள் சாப்பிடப் போகவில்லை. பட்டறை வாசல் படியில் கிரீஸோடு உட்கார்ந்தாள். வேடிக்கை வாசனை பட்டு மச்சினனும் வந்து சேர்ந்தான்.

ஆசான் வந்தார். வண்டிக் கதவருகே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். உள்ளே ஏறினார். ஸீட்டைப் படுக்க வைத்தார். வண்டி அசையவில்லை.

"ஆய்வு ஆரம்பிச்சாச்சு," என்றான் கிரீஸ்.

வெயில் ஏறியது. ஆசான் சட்டைப் பொத்தானைத் தளர்த்துவது கண்ணாடிக்குள் தெரிந்தது. பிறகு கை சாவிப் பக்கம் போனது.

கர்ரக்.

மூன்று பேரும் எழுந்து கொட்டகைக்குப் போனார்கள். பிரேக்கக்கா கண்ணாடியைத் தட்டினாள். ஆசான் அரைத் தூக்கத்தில் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"என்ன பண்றேன்? குளிர் குறைஞ்சுடுச்சு. கொஞ்சம் ஏத்தினேன்."

"சாவியாலயா?"

"பின்ன? திருப்பினா காத்து ஒரு செகண்டு நிக்கும். விட்டதும் குபுக்குன்னு வரும். உனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரல போல."

திருப்பும்போது ஏசிக்குப் போகும் கரண்ட்டை வண்டி ஸ்டார்ட்டருக்குத் திருப்பிவிடும், விட்டதும் திரும்பக் கொடுக்கும். அந்தக் குபுக்கை நம்பி ஆசான் சாவியை ஃபேன் ரெகுலேட்டர் என்று நினைத்து, நாள் தவறாமல் முடுக்கி வந்திருக்கிறார். இதை கிரீஸ் சொல்ல வாயெடுத்தான். பிரேக்கக்கா கையமர்த்தினாள்.

"சரி சார். பேசினபடி சாவியக் குடுங்க."

"அதெல்லாம் ஒரு பேச்சா?"

"பேச்சுத்தான் சார். திங்கக்கிழமை நான்தான் வகுப்பெடுப்பேன். அடுத்த திங்கக்கிழமையும் நான்தான். மத்தியானம் வண்டி அணைஞ்சு நிக்கும். குளிர் வேணும்னா ஆபீசுக்கு ஒரு ஃபேன் வாங்கிக்குங்க, அதுல ரெகுலேட்டர் இருக்கும்."

மச்சினனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தன் ஆளின் மானம் போவது யாருக்குப் பொறுக்கும்? "மாமா, நீங்க யாருன்னு இவங்களுக்குக் காட்டுங்க. வண்டிய எடுத்து ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து, அப்புறம் சாவியக் குடுங்க," என்று குனிந்து டயருக்கடியிலிருந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டான்.

ஆசான் கீழே மூன்று பெடல்களைப் பார்த்தார். நிதானமாகக் கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, நிழலில் நின்றார்.

"குரு ஓட்டக் கூடாதுடா. ஓட்ட வைக்கணும்."

பிரேக்கக்கா உள்ளே கை விட்டு எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள்.

ஆசானுக்கு லைசென்ஸ் கிடையாது.