வெள்ளிக்கிழமை முடிந்த பாஸ்வேர்ட்

யுகேந்திரன் என்ற பெயரைத் திரையில் பார்த்ததுமே தனலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவள் புருஷன் சுகுமாறனின் வேலைக்கு உலை வைத்த மகராசன் அவன்தான்.

கிள்ளான் துறைமுகத்தில் வேலாயுதம் நடத்தும் கண்டெய்னர் போக்குவரத்து ஆபீஸில் ஒரு பாழாய்ப்போன பழக்கம் இருந்தது. பாஸ்வேர்ட் காலாவதியானால் புதிதாகப் போட யாருக்கும் பொறுமை கிடையாது. பக்கத்து மேசையில் தலையை நீட்டி, "ஒங்கள்த குடுங்கலா" என்று வாங்கி அடித்துவிடுவார்கள். வெள்ளந்தியான சுகுமாறனும் சூப்பர்வைசர் யுகேந்திரனுக்கு அப்படித்தான் கொடுத்தான். ஒருநாள் சுகுமாறன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சுங்க அனுமதி வராத கண்டெய்னர் ஒன்று அவன் பெயரில் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. விசாரணையில், அவன் பாஸ்வேர்டே தனக்குத் தெரியாது என்று யுகேந்திரன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான். சூப்பர்வைசர் பேச்சுதான் எடுபட்டது. சுகுமாறனைத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு துறைமுகப் பக்கம் ஒரு ஆபீஸும் சுகுமாறனைச் சேர்க்கவில்லை. இப்போது பண்டமாரானில் வாடகைக் கார் ஓட்டுகிறான். மகள் யாழினி ஒருநாள் பள்ளிவிட்டு வந்து, "அப்பா, நீங்க திருடுனீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் சரியாக வாயைத் திறப்பதில்லை.

தனலெட்சுமிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினிப் பராமரிப்புக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனிக்குத்தான் வேலாயுதம் ஆபீஸின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. கல்யாணமானாலும் பெண்ணின் பெயரோடு அப்பா பெயரே நிற்கிற ஊர் இது. அவள் யார் பெண்டாட்டி என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அவளும் மூச்சு விடவில்லை.

முதல் வேலையாகப் புதுச் சட்டம் போட்டாள். பாஸ்வேர்ட் காலாவதியானால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அவள்தான் திறக்க வேண்டும். தன் பாஸ்வேர்டை யாராவது இன்னொருவருக்குக் கொடுத்தால் அவர் பெயர் முதலாளிக்குப் போகும். எல்லோரும் வாலைச் சுருட்டிக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த சுகுமாறனின் பழைய கணக்கை மட்டும் அவள் சத்தமில்லாமல் திறந்து வைத்தாள். பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது. உள்ளே நுழையலாம், ஆனால் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாதபடி அதன் அதிகாரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டாள்.

யுகேந்திரனின் பாஸ்வேர்டுக்கு இருந்த கெடுவை அவள் தொடவே இல்லை. மாற்றச் சொல்லித் திரை எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. சூப்பர்வைசர் துரை அதை மூடிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கேட்டில் லோரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிற நேரத்தில் அவன் கணக்கு பூட்டிக்கொண்டது. தனலெட்சுமி அப்போது வேலாயுதத்தின் அறையில் உட்கார்ந்து, யார் யார் எந்தக் கணினியிலிருந்து உள்ளே வருகிறார்கள் என்று அவருக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அழைப்பது யுகேந்திரன்தான் என்று தெரிந்தும் அவள் எடுக்கவில்லை. வெளியே அவன் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சுவது கண்ணாடி வழியே தெரிந்தது. யாரும் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் இடத்துக்கே வந்து, தனக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டையெல்லாம் தட்டிப் பார்த்தான்.

வேலாயுதம் பார்த்துக்கொண்டிருந்த திரையில் சுகுமாறன் என்ற பெயர் வந்தது. பக்கத்திலேயே யுகேந்திரனின் கணினி எண்.

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் எழுந்து போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அவன் பாஸ்வேர்ட் தெரியாதுன்னு சத்தியம் பண்ணியேப்பா. இப்ப என்னத்த அடிச்ச?"

லோரி நிற்குது, அவசரம் என்று யுகேந்திரன் ஏதேதோ உளறினான். அன்றைக்குக் கண்டெய்னரை விட்டதும் நீதானா என்று வேலாயுதம் கேட்டபோது அவன் தலை தொங்கிப்போனது. பூட்டிய கணக்கைத் திறந்தது யார் என்று அவர் அடுத்துக் கேட்டார்.

"நான்தான் சார். சுகுமாறன் என் வீட்டுக்காரர்," என்றாள் அவர் பின்னாலேயே வந்திருந்த தனலெட்சுமி.

யுகேந்திரன் அவள் பக்கம் திரும்பி, தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இழுத்தான்.

"பாஸ்வேர்டுன்னு நீங்க அடிச்சது ஒரு பொம்பளப்பிள்ள பேருண்ணே. யாரு பிள்ளன்னு ஒருநாளாச்சும் நெனச்சீங்களா? யாழினி என் மக."

அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வேலாயுதம் தலையசைத்ததும், அவன் கணக்கு முடியும் நாள் என்ற கட்டத்தில் அன்றைய தேதியை அடித்தாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது மாதிரி இருந்தது, ஆனால் முழுசாக இறங்கவில்லை.

திங்கட்கிழமையே சுகுமாறனை வேலைக்கு வரச் சொல்லும்படி வேலாயுதம் மெதுவாகச் சொன்னார்.

"அத எங்கிட்ட சொல்லாதீங்க சார். வீட்டுக்கு வந்து என் மகளுக்கு முன்னால சொல்லுங்க," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு யுகேந்திரன் பக்கம் கையைக் காட்டினாள். "தனியா வராதீங்க. இவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."