மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து

விருதுநகர் கல்லூரிப் பேராசிரியர் சபரிநாதன் அச்சங்குளத்துக்குக் கார் போட்டு வருகிறார் என்றால் சும்மாவா? பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணி காயப்போடும் வேலை அப்போதுதான் வரும். எனக்கும் வந்தது.

விஷயம் தெருவுக்கே தெரியும். வகுப்பில் எப்படிப் பாடம் நடக்கிறது என்று மாணவர்களையே ஆராய வைக்கும் திட்டம் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். ஆராய ஆள், மூன்றாம் வருஷம் படிக்கும் நம்ம பக்கத்து வீட்டுப் பொன்மணி. இன்னொரு பேராசிரியர் மணிகண்டராஜ் வகுப்பில் பாதிப் பேர் செல்போன் பார்க்கிறார்கள் என்று அவள் எழுதியபோது, "ஆராய்ச்சின்னா இது!" என்று சபரிநாதன் பார்த்தவர்களிடமெல்லாம் படித்துக்காட்டினாராம்.

அடுத்து அவர் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். அங்கே கேள்வி முடியுமுன் பதில் வந்தது. பட்டாசுக் கம்பெனிச் சின்னத்தாய் பெற்ற பிள்ளைக்கு இது புதிதா? அங்கே அதிகாரி வரும் நாளில் மட்டும் சட்டப்படி ரூமுக்கு நாலு பேர்; ஜீப் திரும்பியதும் பத்துப் பேர். சொல்லாமல் ஒரு நாள் வராந்தாவில் நின்று கேட்டாள். ஐம்பது நிமிஷமும் சார் நோட்டை வாசித்தார். கேள்வி ஒன்றுகூட இல்லை. அதை இரண்டே வரியில் எழுதிவிட்டாள்.

அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு அறிக்கையைப் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். மாணவி கையெழுத்து இல்லாமல் கல்லூரி ஆபீஸில் வாங்க மாட்டார்கள். ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

"ஒளிஞ்சு நின்னு கேக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"சொல்லிட்டு வந்தா நாடகம்லா போடுறீக, சார்."

"இன்டர்னல் மார்க் என் கையில இருக்கு. பாத்துக்க."

சின்னத்தாய் பயந்துவிட்டாள். "கையெழுத்தப் போட்டுரு தாயி. ரூமுக்கு நாலு பேருன்னு நான் எத்தன தடவ போட்டிருக்கேன்!"

"அந்தக் கையெழுத்த வச்சுத்தானம்மா கம்பெனிக்காரன் அங்கன பத்துப் பேர உக்கார வைக்கான்."

சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினாள். சார் முகம் மலர்ந்தது. அவளோ மூன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் கையாலேயே எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"ஏட்டி, திமிரா?"

பேராசிரியர் வாயில் இப்படியும் வருமா! நல்லவேளை, என் காதிலும் விழுந்தது.

"மணி நாலே கால் சார். ரோட்டுல லோடு லாரியா கெடக்கும். வெரசா கெளம்புங்க," என்றாள் பொன்மணி.

உடைத்து வைத்த கலர் சோடாவைத் தொடாமலே போனார். கார் தெருமுனையில் நின்றது. கிழித்தால் கையெழுத்தும் போய்விடும்; அறிக்கை இல்லை. கொடுத்தால் மணிகண்டராஜ் படித்துக்காட்டுவார்.

ஐந்து மணிக்கும் கார் அங்கேயேதான் நின்றது. துணி காய்ந்து மொடமொடத்துவிட்டது; நான் எடுக்கவில்லை.